ஸ்பிரிங்குக்குள்ள ஒரு சிவப்புக் கட்டை



போன எபிசோடில, சோதனைக்குப் போட்ட செட்டிங்கைக் கழட்ட மறந்து அப்பிடியே ப்ரொடக்ஷனுக்கு அனுப்பிப்போடுற கதைகளைக் கதைச்சம். முடியிற நேரத்தில "இதே மாதிரி ஒரு கார்க் கதையும் இருக்கு" எண்டு சொல்லிப்போட்டு விட்டிட்டன். கன பேர் அதைக் கேட்டு எழுதியிருந்தீங்கள். செக்கண்ட் ஹாண்டில ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க யோசிக்கிற ஆக்கள் உங்களுக்குள்ள இவ்வளவு பேர் இருக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. அதால இந்த முறை மைக்கில சொல்லாமல் எழுதியே தாறன். போனில திறந்து வைச்சு, காருக்குப் பக்கத்தில நிண்டு வாசிக்கலாம்.

என்ர சின்னம்மான்ர மகன் டோர்ட்முண்டில படிக்கிறான். பேர் வேண்டாம், தம்பி எண்டே சொல்லுறன். பார்சல் டிப்போவில இரவு வேலை செய்து ரெண்டரை வருசம் காசு சேர்த்தவன். போன வருசம் ஓகஸ்டில ஒரு ரெண்டு சீட் ரோட்ஸ்டர் கண்டுபிடிச்சான். ஆறு வருசப் பழசு, ஒரே ஓனர், 38,000 கிலோமீற்றர், சேர்விஸ் புத்தகத்தில எல்லா ஸ்டாம்பும் இருக்கு. ஏப்ரலில இருந்து ஒக்டோபர் வரைக்கும் மட்டும் ஓடுற சீசன் நம்பர் பிளேட்டில வைச்சிருந்த கார். விற்கிறது பழைய கார் வியாபாரி ஒருத்தர். எந்தக் கம்பெனிக் கார் எண்டதை நான் எழுதேல்ல, ஏனெண்டால் பிழை காரைச் செய்தவையில இல்லை.

எங்கட குடும்பத்தில "கார் தெரிஞ்ச அண்ணா" நான்தான். போனன். பெயின்ற் தடிப்பு அளக்கிற மெஷினைக் கொண்டு போனன். ஓபிடி டொங்கிளைச் செருகி எல்லா மொடியூலையும் ஸ்கான் பண்ணினன். ஒரு எரர் கோட் கூட இல்லை. அந்தப் பச்சை ஸ்கிரீனைப் பாத்ததும் என்ர பாதி மூளை "பாஸ்" எண்டு எழுதிப்போட்டுது. ஓடிப் பாக்கேக்க முன்பக்கம் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்தது. தம்பி கேட்டான், "அண்ணா, இது கொஞ்சம் குதிக்குது என்ன?" "ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் எண்டால் இப்பிடித்தான்ரா" எண்டன். அவன் வாங்கினான்.

மூண்டாவது கிழமை, செப்டெம்பர் மழையில, அவன் ஒரு றவுண்டபௌட்டைச் சுத்தி மூண்டாவது வழியால வெளியேறப் பாத்திருக்கிறான். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினபடி இருக்க, காரின்ர மூக்கு திரும்பாமல் நேராப் போய், வலது முன்சில்லு வெளி விளிம்புக் கல்லில உரசி நிண்டுது. றிம்மில கீறல், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கல்லுக்கு அங்கால சைக்கிள் பாதை. அந்த நேரம் அதில ஒருத்தரும் வரேல்ல.

இருபத்திரண்டு வயசுப் பெடியன், ஸ்போர்ட்ஸ் கார், மழை. யாரும் வேற காரணம் தேடேல்ல. "மெதுவாத்தான் போனான், முப்பதுகூட இருக்காது" எண்டு அவன் சொன்னதை வீட்டில ஒருத்தரும் நம்பேல்ல. நானும் நம்பேல்ல. அவன் எனக்கு மட்டும் இன்னொண்டு சொன்னவன்: "அண்ணா, இடப்பக்கம் திருப்பேக்க மட்டும்தான் அது வேற மாதிரி இருக்கு. வலப்பக்கம் ஒரு பிரச்சனையும் இல்லை." யோசிச்சுப் பாருங்கோ, இதைவிடத் தெளிவான பக் ரிப்போர்ட் ஒண்டு கிடைக்குமா? எந்த நிலையில வருது, எந்த நிலையில வரேல்ல எண்டு பிரிச்சே தந்திட்டான். வேலையில இப்பிடி ஒரு டிக்கெட் வந்தால் நான் சந்தோசப்படுவன். இவனுக்கு "ஈர றோட்டில கவனமா ஓடு" எண்டு பதில் சொல்லி டிக்கெட்டை மூடிப்போட்டன். சின்னம்மா என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நீ பாத்துத்தானே வாங்கிக் குடுத்தனி?"

அதுக்குப் பிறகு அவன் காரை எடுக்கேல்ல. ஒக்டோபர் நடுவில, விண்டர் ரயர் போடலாம் எண்டு நான்தான் அவனை இழுத்துக்கொண்டு போனன். வலது முன்சில்லைக் கழட்டினதும், ஊத்தைக்குள்ளால சிவப்பா ஏதோ தெரிஞ்சுது. ஸ்பிரிங்கின்ர ரெண்டு வளையத்துக்கு நடுவில, கைப்பிடி மாதிரி ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் கட்டை. இடப்பக்கச் சில்லைக் கழட்டிப் பாத்தம். அங்க ஒண்டும் இல்லை.

அந்தக் கட்டை என்ன எண்டு சொல்லுறன். புதுக் கார் ஒன்று தொழிற்சாலையில் இருந்து கடைக்கு வரும்வரை ரயில், ட்ரக், கப்பல் எண்டு மாறி மாறி வரும். ஐரோப்பாவில கார் ஏத்தி இறக்கிற மிகப் பெரிய துறைமுகங்களில ஒண்டு இஞ்ச பிறேமர்ஹாஃபன். அங்க வாற ரோ-ரோ கப்பல் பெரிசெண்டால் ஆறாயிரம், ஏழாயிரம் கார் கொள்ளும். கப்பலின்ர தட்டில ஒவ்வொரு காரும் பட்டியால இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். கடல் ஆட ஆட, காரின் உடம்பு ஸ்பிரிங்கை அமத்தி அமத்தி எழும்பும். அப்பிடி ஆடினால் பட்டி தளரும், கார் பக்கத்துக் காரில முட்டும். ஸ்போர்ட்ஸ் கார் எண்டால் இன்னொரு பிரச்சனை: அது நிலத்தோட ஒட்டினபடி நிற்கிறதால, கப்பல் ஏறுபலகையிலயும் ட்ரக் ஏறுபலகையிலயும் முன் பம்பர் உரசும். ரெண்டுக்கும் சேர்த்து, ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவில ரப்பர் அல்லது பிளாஸ்ரிக் கட்டையைச் செருகி அனுப்புவினம். எல்லாக் கம்பெனியும் எல்லா மொடலுக்கும் செய்யிறதில்லை. ஆனால் ஜெர்மன் கம்பெனிகளும் செய்யுது, ஜப்பான் கம்பெனிகளும் செய்யுது.

கார் கடைக்கு வந்ததும், வாங்கினவருக்குக் குடுக்க முன்னம் ஒரு பரிசோதனை செய்யவேணும். பிடிஐ எண்டு சொல்லுவினம். அந்தப் பட்டியலில "ஸ்பிரிங் கட்டைகளைக் கழட்டு" எண்டு ஒரு வரி இருக்கும். எங்கட காரில ஒருத்தர் இடப்பக்கத்தைக் கழட்டியிருக்கிறார். வலப்பக்கத்துக்குப் போக முன்னம் போன் அடிச்சுதோ, சாப்பாட்டு நேரம் வந்ததோ தெரியாது. வரிக்கு நேரே டிக் மட்டும் விழுந்திட்டுது.

இனி, ஒரு கட்டை ஏன் காரை ஒரு பக்கத்துக்கு மட்டும் மாத்துது எண்டு பாப்பம். கோயில் ஸ்பிரிங்கின் விறைப்பு நாலு விசயத்தில தங்கியிருக்கு: கம்பியின்ர உலோகம், கம்பியின் தடிப்பு, வளையத்தின் விட்டம், அசையக்கூடிய வளையங்களின் எண்ணிக்கை. முதல் மூண்டையும் கட்டை தொடாது. நாலாவதை அது மாத்தும். விறைப்பு வளைய எண்ணிக்கைக்கு நேர்மாறு விகிதத்தில் இருக்கும், அதாவது வளையம் குறைஞ்சால் ஸ்பிரிங் விறைக்கும். கணக்குக்கு ஒரு ஸ்பிரிங்கில ஆறு வளையம் அசையுது எண்டு வைப்பம். கட்டை அதில ரெண்டைப் பூட்டி வைச்சால் மிச்சம் நாலு. ஆறை நாலால பிரிச்சால் 1.5. அதே ஸ்பிரிங் ஒண்டரை மடங்கு இறுகிப் போச்சு. ரப்பர் கொஞ்சம் அமரும் எண்டதால உண்மைக் காரில இவ்வளவு துல்லியமா வராது, ஆனால் போற திசை இதுதான்.

கார் இடப்பக்கம் திரும்பேக்க பாரம் வலப்பக்கச் சில்லுகளுக்குச் சாயும். வலது முன் ஸ்பிரிங் விறைப்பா இருந்தால், சாயிற பாரத்தில கூடின பங்கு அந்த ஒரு முன் ரயரில வந்து குந்தும். ஒரு ரயருக்குப் பாரம் இரட்டிச்சால் பிடி இரட்டிக்காது, அதைவிடக் குறைவாத்தான் கூடும். அதால முன் ரெண்டு ரயரும் சேர்ந்து தாற பிடி குறையும், மூக்கு வெளியால வழுகும். வலப்பக்கம் திரும்பேக்க பாரம் இடப்பக்கம் போகும். அங்க ஸ்பிரிங் சரியா இருக்கிறதால கார் ஒழுங்காத் திரும்பும். ஜெர்மனியில நாங்கள் வலப்பக்கமா ஓடுறம். ஔட்டோபானில ஏறுற, இறங்குற வளைவுகளில கனக்க வலப்பக்கம் சுத்துற வளைவுகள். இடப்பக்கம் இறுக்கித் தொடர்ந்து திருப்புற ஒரே இடம் எங்களுக்கு அனேகமா றவுண்டபௌட்தான். தம்பி சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி.

ஆறு வருசமா ஏன் ஒருத்தரும் காணேல்ல? சேர்விஸ் எண்டால் ஒயிலும் ஃபில்டரும் பிறேக்கும். ட்யூஃப் பரிசோதனை மூண்டாம் வருசம் ஒருக்கா, ஐஞ்சாம் வருசம் ஒருக்கா முடிஞ்சிருக்கு. அவையின்ர கண் உடைஞ்ச ஸ்பிரிங்கை, கசியிற ஷொக் அப்சோபரை, ஆடுற மூட்டைத் தேடும். உடையாத ஸ்பிரிங் ஒண்டை அவை கண்டிருப்பினம். முதல் ஓனர் கோடைக்கு மட்டும் ஓடினவர் எண்டதால விண்டர் ரயருக்காகச் சில்லுக் கழட்டிற பழக்கமும் இல்லை. ஒவ்வொருத்தரும் முதல் ஆள் பாத்திருப்பார் எண்டு நினைச்சிருப்பினம். கடைசியா வந்த நானும் அப்பிடித்தான்.

என்னை இன்னும் கடிக்கிறது அந்த ஓபிடி ஸ்கான்தான். இப்ப வாற கார்களில சொஃப்ட்வெயரிலயும் ஒரு ட்ரான்ஸ்போர்ட் மோட் இருக்கு. பயணத்தில பற்றரி இறங்காமல் இருக்கச் சில மொடியூலைத் தூங்க வைக்கிற மோட். அதைக் கடை எடுக்க மறந்தால் பல கார்கள் டாஷ்போர்ட்டிலயே எழுத்தில சொல்லும், ஸ்கானரும் சொல்லும். ரப்பர் கட்டைக்கு வயர் இல்லை, சென்சர் இல்லை. அது இருக்கிறது காரின்ர எந்தக் கொம்பியூட்டருக்கும் தெரியாது. நாங்கள் லொக் ஃபைல் வாசிச்சுப் பழகின ஆக்கள். லொக்கில இல்லாதது நடக்கேல்ல எண்டு நினைச்சுப்போடுவம்.

சரி, நீங்கள் கார் பாக்கப் போகேக்க என்ன செய்யவேணும். ஜாக் தேவையில்லை, சில்லுக் கழட்டத் தேவையில்லை. என்ஜினை ஒஃப் பண்ண முன்னம் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாத் திருப்பி, பிறகு ஒஃப் பண்ணி, ஹாண்ட் பிறேக்கைப் போடுங்கோ. முன்சில்லின்ர பின்பக்கம் இப்ப ஒரு இடைவெளி திறந்திருக்கும். போனின்ர லைற்றைப் போட்டு, வீடியோ ஓட விட்டு, கையை உள்ள விட்டு மேலயும் கீழயும் மெதுவா அசையுங்கோ. கண்ணால வடிவாத் தெரியாத இடம் வீடியோவில தெரியும். மற்றப் பக்கமும் அப்பிடியே. பின் ஸ்பிரிங் பல கார்களில ஷொக் அப்சோபரில இருந்து தள்ளித் தனியா இருக்கும். அதுக்குப் பின்னால குனிஞ்சு, சில்லுக்கு உள்பக்கத்தால போனை நீட்டவேணும். தலையைக் காருக்கு அடியில விடாதேங்கோ, போன் மட்டும் போதும்.

அங்க இருக்கவேண்டிய ரப்பர்களும் இருக்கு, அதுகளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஸ்பிரிங்கின் மேல் நுனியும் கீழ் நுனியும் ரப்பர் மெத்தையில் குந்தியிருக்கும். நடுவில ஷொக் அப்சோபரின்ர தண்டைச் சுத்தி ஒரு நுரை உருளை இருக்கும், அது பம்ப் ஸ்டொப். அதுக்கு மேலால அக்கோர்டியன் மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு தூசி உறையும் இருக்கலாம். இதெல்லாம் ஸ்பிரிங்கின் உள்ளுக்கோ நுனியிலயோ இருக்கும். நீங்கள் தேடுறது, ரெண்டு வளையத்துக்கு இடையில கம்பியைக் கடிச்சுக்கொண்டு இருக்கிற பொருள். எங்கடது சிவப்பு. மஞ்சள், வெள்ளை எல்லாம் வரும், கறுப்பும் வரும். ஆறு வருச ஊத்தையில எல்லாமே கறுப்புத்தான், அதால நிறத்தை நம்பாமல் உருவத்தைப் பாருங்கோ. ஆகச் சுகமான வழி, இடப்பக்க வீடியோவையும் வலப்பக்க வீடியோவையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒப்பிடுறது. டிஃப் பாக்கிற மாதிரி. வளைய இடைவெளி மேலயும் கீழயும் வித்தியாசமா இருக்கலாம், ஆனால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேணும். நாலு ஸ்பிரிங்கிலயும் கட்டை இருந்தால் ஒப்பிட்டுப் பிடிக்க ஏலாது எண்டதையும் மறக்காதேங்கோ, அதால முதல் உருவத்தைத் தேடுங்கோ.

பிறகு ஒரு அளவு நாடா. சமமான நிலத்தில, ரயர் காத்து கதவு ஓரத்து ஸ்டிக்கரில சொன்னபடி இருக்கேக்க, ஒவ்வொரு மூலையையும் ரெண்டு தரம் அமத்தி விட்டு, சில்லின்ர நடுவில இருந்து நேர் மேல இருக்கிற மட்கார்ட் விளிம்பு வரைக்கும் அளவுங்கோ. நாலு இலக்கம் வரும். முன் ரெண்டும் தங்களுக்குள்ள கிட்டத்தட்டச் சரியா இருக்கவேணும், பின் ரெண்டும் அப்பிடித்தான். சில மில்லிமீற்றர் வித்தியாசம் எந்தப் பழைய காரிலும் இருக்கும். ஒரு சென்ரிமீற்றர் எண்டால் நான் காரணம் கேப்பன். எங்கட காரில வலது முன்பக்கம் 12 மில்லிமீற்றர் உயரம். நாடா என்ர பையிலதான் இருந்தது, அண்டைக்கு நான் எடுக்கேல்ல.

ஓடிப் பாக்கேக்க, வெறும் கார் பார்க்கிங்கில மெதுவா, ஒரு சின்ன மேட்டில இடச்சில்லை மட்டும் ஏத்துங்கோ, பிறகு வலச்சில்லை மட்டும். ஒரு பக்கம் "தும்", மற்றப் பக்கம் "டக்" எண்டால் அது சொல்லுற தகவல். இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம், ஒரே வேகத்தில. ரெண்டும் ஒரே மாதிரி உணரவேணும். "ஸ்போர்ட்ஸ் கார் எண்டால் இப்பிடித்தான்" எண்ட விளக்கம் ரெண்டு பக்கத்துக்கும் சமமா இருந்தால் மட்டும்தான் செல்லும்.

கட்டையைக் கண்டால் கழட்டப் போகாதேங்கோ. முதல் படம் எடுங்கோ: கட்டை இருக்கிற இடம், நம்பர் பிளேட், கிலோமீற்றர். அமந்திருக்கிற ஸ்பிரிங்கில பெரிய சக்தி அடங்கியிருக்கு. ஸ்க்ரூட்றைவர் விட்டு நெம்பினால் விரல் போகும். காரோட வாற ஜாக் சில்லு மாத்த மட்டும்தான். கராஜில லிஃப்டில தூக்கிச் சில்லுகள் தொங்கினால் ஸ்பிரிங் தானா நீளும், கட்டைகள் அப்ப கையால இழுத்தாலே வாற மாதிரித்தான் செய்யப்பட்டிருக்கு. எங்கடது ஆறு வருசமா ஒட்டிப் போய் இருந்ததால கொஞ்சம் மல்லுக்கட்டினதுதான். கழண்ட பிறகு அது கடிச்சிருந்த இடத்தைப் பாத்தம். கம்பியின்ர பூச்சு தேஞ்சு துருக் குழி விழுந்திருந்தது. அப்பிடியான இடத்தில இருந்துதான் ஸ்பிரிங் பிறகு உடையும். அதால முன் ரெண்டு ஸ்பிரிங்கையும் சோடியா மாத்தினம், வீல் அலைன்மென்ற் செய்தம், ஹெட்லைற்றையும் சரிபாத்தம். ஒரு பக்கம் உயர்ந்து நிண்ட கார் முன்னால வாறவன்ர கண்ணுக்கு லைற் அடிச்சிருக்கும்.

இதே பயணத்தில மறந்துபோற சின்னச் சாமான்கள் வேறயும் இருக்கு. கப்பலுக்காகக் கூட்டி அடிச்ச ரயர் காத்து, கழட்டி வைச்ச ஃபியூஸ், எடுக்காத பிளாஸ்ரிக் படலம். பழைய காரில இதுகள் அனேகமா எப்பவோ சரியாகியிருக்கும், அதால நேரம் செலவழிக்கத் தேவையில்லை. ஸ்பிரிங்கைப் பாருங்கோ.

காசு விசயம் சுருக்கமா. ஜெர்மனியில 2022 ஜனவரி 1 இல இருந்து, வியாபாரியிட்ட நீங்கள் தனி ஆளா வாங்கின சாமானில ஒரு வருசத்துக்குள்ள குறை தெரிய வந்தால், அது வாங்கேக்கயே இருந்தது எண்டுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை எண்டு காட்டிறது விற்றவரின்ர பாடு. முந்தி அது ஆறு மாதம். தனியாளிட்ட வாங்கினால் அவர் பொறுப்பில்லை எண்டு ஒப்பந்தத்தில எழுதலாம், அனேகமா எழுதுவினம். எங்கட வியாபாரி முதல் "நீங்கள்தான் போட்டிருப்பீங்கள்" எண்டார். துருக் குழியின்ர படத்தைக் காட்டினதும் ஸ்பிரிங் காசைத் தந்தார். றிம் கீறலுக்குத் தரேல்ல.

தம்பியிட்ட மன்னிப்புக் கேட்டன். "நீ சொன்னதை நான் கேட்டிருக்கவேணும்" எண்டன். அவன் "பரவாயில்லை அண்ணா" எண்டு சொல்லேல்ல, தோளைக் குலுக்கினான். வீட்டில அவன்ர அம்மாவுக்கும் மற்ற ஆக்களுக்கும் கட்டையை மேசையில வைச்சு, இடப்பக்கம், வலப்பக்கம் எண்டு கணக்குச் சொல்லி, பிழை அவன்ர இல்லை எண்டு நான்தான் விளங்கப்படுத்தினன். அது என்ர வேலையாத்தான் இருந்தது.

நவம்பரில ஒரு ஞாயிறு, றோட்டு ஈரமா இருக்கேக்க, அவன் ஓட நான் பக்கத்தில இருந்து அதே றவுண்டபௌட்டை நாலு தரம் சுத்தினம். கார் திரும்பிச்சுது. சிவப்புக் கட்டை இப்ப அவன்ர மேசையில போன் ஸ்டாண்டா இருக்கு. சின்னம்மா இன்னும் அந்தக் காரில ஏறேல்ல.